அக்காவின் பல்லில் மாட்டிய வளையம்

செப்புக் காசு ஒன்றை எந்நேரமும் நாக்கின் அடியில் ஒதுக்கி வைத்திருப்பதைப் போன்ற ஒரு கசப்பு, அதனுடன் புகைபோட்டுக் காய வைத்த ரப்பரின் புளித்த வாடை: என் பத்தாம் வயதை நினைக்கும்போதெல்லாம் இவை இரண்டும்தாம் முதலில் வந்து வாயை நிறைக்கின்றன. கிள்ளான் சாலையில் ரப்பர்க் கட்டுகளை ஏற்றிய லோரி ஒன்று என்னைக் கடந்து போனால் போதும். நான் யாரோடு எவ்வளவு பெரிய பொருளைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தாலும், என் நாக்கு என்னைக் கேளாமலே பற்களின் பின்புறத்தைத் தடவி, அங்கே கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறது. கம்பி போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பற்கள் வரிசையாக இருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையில் நான் பேசி இறங்கும்போது, “தம்பி வாயில் சொல் தெளிவாக விழுகிறது” என்று பெரியவர்கள் பாராட்டுகிறார்கள். அந்தத் தெளிவின் பக்கத்தில் என்ன கிடக்கிறது என்பதை மட்டும் இதுவரை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில், எல்லோரும் ‘கோட்டர்ஸ்’ என்று வழங்கும் ரயில்வே குடியிருப்பின் பலகை வீடு ஒன்றில் இருந்தோம். அப்பா கோலாலம்பூர் நிலையத்துச் சரக்கு அலுவலகத்தில் ‘கிராணி’, அதாவது எழுத்தர். வீட்டில் அம்மா, என்னைவிட நான்கு வயது மூத்த அக்கா பாக்கியம், நான். எனக்குக் கீழ்த்தாடை முந்திக்கொண்டு வளர்ந்திருந்தது. வாயை மூடினால் பிறருக்கெல்லாம் மேல்வரிசைப் பற்கள் வெளியே நிற்க, எனக்குக் கீழ்வரிசை வெளியே நின்றது. ரொட்டியை முன்பல்லால் கடித்து இழுக்க இயலாது. ‘ச’ வரும் இடமெல்லாம் காற்றுச் சீறும். தண்டவாளத்தில் நிற்கும் மாட்டை ஒதுக்கித் தள்ளுவதற்காக எஞ்சினின் முகப்பில் நீட்டிக்கொண்டிருக்குமே ஓர் இரும்புச் சட்டம், அதையே ரயில்வே பிள்ளைகள் எனக்குப் பெயராக வைத்தார்கள். “மாடுதள்ளி வருது, ஒதுங்குங்கடா” என்பது நான் வீதியில் இறங்கியதும் எழும் குரல். பள்ளியில் செய்யுள் ஒப்பிக்க எழுந்தால், கடைசி வரிசையிலிருந்து எஞ்சின் ஆவி விடும் ஓசை கேட்கும்.

அக்காவின் குறை இதைவிடச் சிறியது. மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டுக்கும் இடையே ஒரு நெல்மணி நுழையும் அளவுக்கு இடைவெளி; அவ்வளவுதான். ஆனால் அவள் சிரிப்பு பெரியது. குழாயடியில் அவள் சிரித்தால் நான்காவது வீட்டுக்குக் கேட்கும். அந்தச் சிரிப்பைக் கண்டு அம்மாவுக்கு அச்சம். “பொம்பளை சிரிச்சா போச்சு, பொகையிலை விரிச்சா போச்சு” என்பதை ஒரு நாளைக்கு ஐந்து முறையாவது சொல்வாள். ஒரு முறை, வந்திருந்த உறவினர் முன்னிலையில் அக்கா அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டபோது, அவர்கள் படியிறங்கும் வரை பொறுத்திருந்து, “இப்படியே பல்லைக் காட்டிக்கிட்டு இரு, ஒரு நாளைக்கு மொத்தமாக் கொட்டிப் போகப் போகுது” என்றாள். தாய்மார் ஆயிரம் சொல்வார்கள். அந்த ஒன்றை அவள் சொல்லாதிருந்திருக்கலாம்.

பத்து ரோட்டில் ஒரு வெள்ளைக்காரப் பல் மருத்துவர் புதிதாக வந்து கடைவைத்தார். சுவெட்டென்ஹாம் துறைமுகத்தில் இறங்கிய அவருடைய நாற்காலியும் கருவிகளும் அடங்கிய பெட்டிகள் வழியில் எங்கோ மாறிப் போய்விட, அப்பா நான்கு நாட்கள் தேடி அவற்றைக் கண்டுபிடித்துச் சேர்ப்பித்தார். அதற்கு நன்றியாக அவர், கோணல் பற்களைக் கம்பி கட்டி நேராக்கும் முறையைத் தாம் கற்று வந்திருப்பதாகவும், அப்பாவின் பிள்ளைகளில் ஒருவருக்கு அதைச் செய்து தருவதாகவும் சொல்லி அனுப்பினார். ஒருவருக்கு.

அன்று எங்கள் வீட்டில் நடந்த வாதத்தை இன்றும் சொல் பிசகாமல் என்னால் ஒப்பிக்க முடியும்.

“ஆம்பளப் பையன் பல்லு எப்படி இருந்தா என்ன? மீசை வந்தா மறைச்சிடும். பாக்கியத்தைக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு நாலு பேரு வந்து பாக்கப் போறது அவ மூஞ்சியத்தான்” என்றாள் அம்மா.

“அவளுக்கு லேசா ஒரு சந்து. இவனுக்கு வாயே ஏறுமாறாப் பூட்டிக்கிட்டு நிக்குது. கோர்ட்டுல நின்னு பேச வேண்டிய பையன், சீறிக்கிட்டு இருந்தா எவன் கேப்பான்?” என்றார் அப்பா.

அம்மா அக்காவைப் பார்த்தாள். முறத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தாமலே, “தம்பியையே கூட்டிட்டுப் போங்கப்பா. வெள்ளைக்காரன் வாய்க்குள்ள கைய விடுவான், எனக்குப் பயமா இருக்கு” என்றாள். அவளுக்கு எதைக் கண்டும் பயமில்லை என்பதை அந்த வீட்டில் அறியாதவர் இல்லை. அறிந்தும் மூவரும் அதை ஏற்றுக்கொண்டோம்.

மருத்துவர் முதலில் குழைத்த சுண்ணாம்பைப் போன்ற ஒரு மாவை என் வாயில் அடைத்து, அது இறுகியதும் பெயர்த்து, பற்களின் அச்சை எடுத்தார். பிறகு கடைவாய்ப் பற்களுக்குப் பூண் மாட்டி, அவற்றிலிருந்து மேலுக்கு ஒன்றும் கீழுக்கு ஒன்றுமாகக் கம்பி வளைத்து, ஒவ்வொரு பல்லையும் நூலினும் மெல்லிய கம்பியால் அதனோடு பிணைத்தார். முதல் வாரம் கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. பிறகு அவர் ஒரு சிறிய ரப்பர்க் குழாயை எடுத்து, வெண்டைக்காய் அரிவது போல மெல்லிய வளையங்களாக நறுக்கி, ஒரு தகர டப்பியில் போட்டுக் கொடுத்தார். மேலே கடைவாய்ப் பூணில் ஒரு கொக்கி, கீழே முன்கம்பியில் ஒரு கொக்கி. இரண்டுக்கும் குறுக்கே வளையத்தை இழுத்து மாட்ட வேண்டும். அது என் கீழ்வரிசையை இரவும் பகலும் பின்னுக்கு இழுத்தது.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை அங்கே போவேன்; துணைக்கு அக்கா. குடையை மடியில் வைத்துக்கொண்டு வெளிப்பலகையில் உட்கார்ந்து, கதவிடுக்கு வழியாக அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு அளவில்லாத செருக்கு. வளையங்களைக் கொடுத்த அன்று மருத்துவர் ஒரு விரலை உயர்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: வளையம் கொக்கியில் மட்டும்தான், ஒருபோதும் வெறும் பல்லில் மாட்டக் கூடாது. வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்.

“டாக்டர் வெரலை ஆட்டி என்னமோ சொன்னாரே, என்னடா அது?”

“ஒன்னுமில்ல. தெனமும் மாத்தணுமாம்.”

மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நீண்ட வாக்கியத்தை மொழிபெயர்க்கச் சோம்பல். கொக்கியில் மாட்ட எனக்குத் தெரியாதா என்ற எண்ணம்.

நான்கைந்து மாதங்களில் என் கீழ்வரிசை உள்ளே போகத் தொடங்கியது. அந்த நாட்களில்தான் கிள்ளானிலிருந்து ஓர் அம்மாள், தன் மகனுக்குப் பெண் பார்க்கும் எண்ணத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெற்றிலை போட்டுக்கொண்டே அக்காவைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, “எல்லாம் லெச்சணமாத்தான் இருக்கு. வாசல்லதான் கதவு போட மறந்துட்டாங்க” என்று சிரித்தாள். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு அவள் அப்பாவின் சவரக் கண்ணாடியை எடுத்துச் சன்னலருகே வைத்து, இரண்டு விரல்களால் அந்தப் பற்களை ஒன்றோடொன்று அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை அப்படி நான் கண்டதில்லை. என் கையில் தகர டப்பி இருந்தது.

மேடைப் பேச்சில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி எது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பள்ளி விழாவைச் சொல்லி மழுப்புவேன். உண்மையில் அது எங்கள் சமையற்கட்டில், ஒரே ஒருத்தி அவையாக இருக்க, நான் பெற்றது.

“என் பல்லை எது இழுக்குது? கம்பி. கம்பியை எது இழுக்குது? ரப்பர். அப்ப வேலை செய்றது எதுக்கா?”

“ரப்பரு.”

“அவ்வளவுதான்.”

“அப்ப கம்பி எதுக்குடா?”

“அது என்னை மாதிரிப் பெரிய கோணலுக்கு. உனக்கு இத்துனூண்டு சந்துதானே. ரெண்டு பல்லையும் சேத்து இதை மாட்டிக்கிட்டா, தானா ஒட்டிக்கும்.”

அவள் தயங்கினாள். “அடுத்த தடவை போறப்ப டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே.”

“எனக்குத் தெரியும்லா. தெனமும் வாயில வச்சிக்கிட்டு இருக்கிறவன் நானா, அவரா?”

அவள் சிரித்தாள். நான் வென்றுவிட்டேன். என் விரலாலேயே அந்த வளையத்தை விரித்து, அக்காவின் நடுப்பற்கள் இரண்டையும் ஒன்றாகச் சுற்றி மாட்டினேன்.

ஐந்தே நாட்களில் இடைவெளி மூடிவிட்டது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை, ஐந்து நாட்கள். அக்கா கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினாள். ஆறாம் நாள் வளையத்தைக் காணவில்லை. “தூக்கத்துல முழுங்கிட்டேன் போலடா” என்றாள். “வேலை முடிஞ்சதும் கழண்டுடுச்சு” என்று நான் தீர்ப்பளித்தேன். பற்கள் சேர்ந்தே நின்றன. அம்மா அதைக் கவனித்து, “வயசு வந்தா தானே கூடிக்கும்னு சொன்னேன்ல” என்று தன் வாக்குப் பலித்ததாக மகிழ்ந்தாள்.

வளையம் கழன்று விழவில்லை. பல் என்பது வேரை நோக்கிக் கூம்பிக்கொண்டே போகும் பொருள். வழுக்கலான கூம்பின் அகன்ற இடத்தில் மாட்டிய வளையம் குறுகிய இடத்தைத் தேடி ஏறிக்கொண்டே இருக்கும். அது ஈறுக்குள் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல், வேர்களை இறுக்கிக்கொண்டு மேலே மேலே போயிற்று. ஈறு சிவந்தது, வீங்கியது, சீழ் வைத்தது. பற்கள் இரண்டும் மற்றவற்றைவிட நீண்டு கீழிறங்கி, நாக்குப் பட்டாலே ஆடின. அம்மா உப்புநீர் கொப்பளிக்க வைத்தாள்; கிராம்பை இடித்து அப்பினாள்; படிகாரம் வைத்தாள். எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே இருந்தவள் கையை நிறுத்தி, “மொத்தமாக் கொட்டிப் போகும்னு என் வாயாலதானே சொன்னேன்” என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

என் மருத்துவர் அப்போது விடுப்பில் கப்பலேறித் தம் நாட்டுக்குப் போயிருந்தார். ஆகவே அக்காவைப் பெட்டாலிங் தெருவில் தங்கப்பல் கட்டும் ஒரு சீனரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அம்மா உள்ளே வரமாட்டேன் என்று, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கடை முன்னாலுள்ள ஐந்தடிப் பாதையில் நின்றுவிட்டாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே நின்றேன். குறடு வேண்டியிருக்கவில்லை, அவர் விரலாலேயே எடுத்துவிட்டார். இரண்டு பற்களும் ஒன்றாக, ஒரே பொருளைப் போல வெளியே வந்தன. வேர்களின் நுனியில் கறுத்துச் சுருங்கிய ஒரு வளையம் சுற்றியிருந்தது.

அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். “கித்தா” என்றார்; ரப்பருக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து மலாயில் கேட்டார். “சியாப்பா தாரு?”

யார் வைத்தது என்று பொருள். என் சட்டைப் பையில் தகர டப்பி கனத்தது. அக்காவின் வாய் நிறையப் பஞ்சு. அவளால் பேச முடியாது. அவள் என் கையை விடுவித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள்.

திரும்பும் வழியில், பாலத்தைக் கடக்கும்போது, அம்மா முன்னே நடக்க, அக்கா அந்த வளையத்தை மட்டும் கைக்குட்டையிலிருந்து எடுத்து ஆற்றில் போட்டாள். பற்களை அம்மா வாங்கிக்கொண்டாள். பால்பற்கள் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவது எங்கள் வழக்கம். எறிந்தால் புதுப்பல் நன்றாக முளைக்கும். பதினான்கு வயதுப் பெண்ணின் பற்களை அம்மா பால்காரர் கொட்டகையிலிருந்து கொண்டுவந்த சாணியில் உருட்டி, என் கையில் கொடுத்தாள். “மொளைக்காதுன்னு தெரியும்யா. இருந்தாலும் போடு.” நான் எறிந்தேன். கூரைத் தகரத்தில் அது டொக்கென்று விழுந்தது.

அக்காவுக்கு இரண்டு பொய்ப்பற்கள் வைத்த ஒரு தட்டைச் சீனர் செய்து தந்தார். ஈறைப் போலச் சிவந்திருந்த அந்தத் தட்டும் கெட்டியாக்கிய கித்தாவால் ஆனது. அவள் அதைச் சாப்பிடும்போது கழற்றி வைப்பாள். சிரிக்கும்போது நழுவும் என்று சிரிப்பதை விட்டாள். கிள்ளானிலிருந்து வந்த சம்பந்தம் அதோடு நின்றுவிட்டது. ஐந்தாண்டு கழித்து அதே ஊரில், மனைவியை இழந்த ஒரு துறைமுக ஊழியருக்கு அவளைக் கொடுத்தார்கள். அவர் நல்லவர். அவள் வாய்விட்டுச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

விடுப்பு முடிந்து மருத்துவர் வந்ததும், வேறு யாருக்கோ நேர்ந்ததைப் போல நான் கேட்டேன். “முதல் நாளே உன்னிடம் சொன்னேனே” என்றார். என் பற்கள் அவ்வாண்டு முடிவில் நேராயின. ‘ச’கரம் தெளிந்தது. மாடுதள்ளி என்ற பெயர் மறைந்தது. செய்யுள் ஒப்பித்தலில் தொடங்கிப் பேச்சுப் போட்டி, விவாதம் என்று நான் ஏறிக்கொண்டே போனேன்.

அம்மா தன் சொல்லே மகளின் பல்லைத் தின்றது என்று முடிவு கட்டிவிட்டாள். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். ரயில்வே குடும்பத்துக்கு ரயிலில் ‘பாஸ்’ உண்டு, அவள் ஏறமாட்டாள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வெறுங்காலோடு நடப்பாள், உதடுகள் ஒரே வேண்டுதலை முணுமுணுக்க: “என் வாக்கைப் பொறுத்துக்கோ முருகா.” தண்ணீர்ச் செம்போடு நான் கூடப் போவேன். கால் தளரும்போது, “ஏதாவது பேசிக்கிட்டு வாய்யா, நடை தெரியாது” என்பாள். நான் பேசுவேன். அந்த மாதம் வாசகசாலையில் என்ன பொருளோ, அதை இரு தரப்பும் எடுத்து மொத்த வழிக்கும் முழங்குவேன். அவள் பெருமையோடு தலையசைத்துக் கேட்டுக்கொண்டே நடப்பாள். ஒரு வாக்கியம் போதும், அவள் குடத்தை இறக்கி வைத்திருக்கலாம். அதை நாளைக்குச் சொல்லலாம், அடுத்த ஆண்டு சொல்லலாம் என்று, என் வாதத் திறமையால் என்னை நானே வென்றுகொண்டு வந்தேன். இரண்டாண்டுக்கு முன் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். கடைசி நாட்களில் கூட, பார்க்க வந்த அக்காவின் கன்னத்தைத் தடவி, “என் வாயி, என் வாயி” என்றாள்.

சென்ற மாதம் கிள்ளானுக்குப் போனேன். அக்காவின் மகளுக்கு ஆறு வயது முடிந்திருக்கிறது. விழுந்த பால்பல் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். முன்னமே முளைத்திருக்கும் புதுப்பல் இரண்டுக்கும் நடுவே அதே நெல்மணி இடைவெளி. அவள் சிரிப்பு நான்காவது வீட்டுக்குக் கேட்டது. என்னால் அதற்கு மேல் தாங்கிக்கொள்ள முடியவில்லை. சமையற்கட்டுக்குப் போய், “அக்கா, அந்த ரப்பரை நான்தான்...” என்று தொடங்கினேன்.

“எனக்குத் தெரியாதா? என் பல்லுலதானே மாட்டுன” என்றாள் அக்கா, முந்தானையை வாயருகே கொண்டு போய். “பல்லைப் பத்தி எனக்கு ஒன்னும் இல்ல தம்பி. நானும்தானே ஆசைப்பட்டேன்.” அடுப்பைத் தணித்தாள். “அம்மாகிட்ட நான் சொன்னேன், தெரியுமா? கல்யாணத்துக்கு முன்னாடியே. ‘நானா ரப்பர் மாட்டுனேம்மா, அதான் போச்சு, உங்க வாக்கு இல்ல’ன்னு.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“‘இத்துனூண்டு கித்தா பல்லைப் புடுங்குமா? என் மனசு ஆறட்டும்னு சொல்றே’ன்னாங்க. நம்பல.” அவள் என்னைப் பார்த்தாள், அதில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “நீ சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க. நீ எது சொன்னாலும் நம்புனாங்கல்ல.”

வெளியே குழந்தை கூப்பிட்டாள். சாணி உருண்டையை என் கையில் திணித்து, கூரைக்கு எட்டும்படி எறியச் சொன்னாள். எறிந்தேன். தகரத்தில் அதே ஓசை. “மாமா, எனக்கும் உங்களுக்கு மாதிரி ஒட்டுன பல்லா வருமா?” என்று கேட்டாள். அக்கா உள்ளிருந்தே, “சந்து இருந்தா இருக்கட்டும். அதை யாரும் தொடக்கூடாது” என்றாள்.

பத்து ரோட்டில் அந்த மருத்துவர் இருந்த இடத்தில் இப்போது கடிகாரம் பழுதுபார்க்கிறார்கள். நாங்கள் இருந்த கோட்டர்ஸ் வரிசையைப் பிரித்துவிட்டுச் சரக்குக் கொட்டகை கட்டியிருக்கிறார்கள். அந்தப் பழைய கூரைத் தகரங்களோடு அக்காவின் பற்கள் எங்கே போயினவோ தெரியாது. தகர டப்பி மட்டும் என்னிடம் இருக்கிறது. மிச்சமிருக்கும் வளையங்கள் இறுகிப் போய், விரித்தால் ஒடிகின்றன. தைப்பூசம் வருகிறது. சொல்ல வேண்டியது இப்போது முழுதாக, பிழையின்றி, என் வாயில் நிற்கிறது. பத்துமலைச் சாலையில், “ஏதாவது பேசிக்கிட்டு வாய்யா” என்று கேட்டுக்கொண்டு நடக்க அம்மா இல்லை.